காற்றுப் படாத அறை

கிளைட்டன் கைபேசியை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தான். திரை முழுக்க வெள்ளை. கமரா பழுதாகிவிட்டது என்று என் மனைவி றோசமேரி சொன்னாள்.

"பழுதில்ல மாமி. இதுதான் வெளி," என்றான் அவன்.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது அந்த வெள்ளைக்குள் ஒரு கார்க்கூரை தெரிந்தது. அதற்குக் கீழே புல். புல்லின் மீதும் வெள்ளை. பாலாவியில் உப்பு வாரி முடிந்த பாத்தியின் ஓரம் அப்படித்தான் இருக்கும். எங்களுக்கு நேரம் பகல் ஒன்றரை. எத்தாளையில் மணல் சுட்டுக்கொண்டிருந்தது. இத்தாலியில் அவர்களுக்குக் காலை ஒன்பது.

"எத்தன நாளா இப்பிடி?" என்று கேட்டாள்.

"பதினொரு நாள். காத்தே இல்ல மாமி. சுத்திவர மலை, நடுவுல நாங்க. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. காரெல்லாம் ஓட்டக் கூடாதாம், வீட்டில விறகு எரிக்கக் கூடாதாம். ஜன்னலத் திறந்தா வாய்க்குள்ள இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி."

நான் றோசமேரிக்குப் பின்னால் கதிரையில் இருந்தேன். எப்போதும் அங்கேதான் இருப்பேன். திரையின் மூலையில் என் தலையில் பாதி தெரியும். பதினொரு நாள் காற்றில்லாத ஓர் இடத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. எங்கள் பக்கம் தைமாதத்தில் விடியப்புறம் களப்பின் மேல் ஒரு மணித்தியாலம் பனிப்புகார் நிற்கும். வலை இழுக்கப் போனால் முன்னால் இருக்கிறவனின் முதுகு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு சூரியன் வரும், காற்று வரும், சோற்றுக்குள் மணல் விழும். காற்று எங்களுக்குத் தொல்லை. அது இல்லாமல் போகும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

மெரினா எங்களுக்கு ஒரே மகள். கிளைட்டனைக் கட்டி இத்தாலிக்குப் போய் மூன்று வருடம். அவளுக்குப் பிள்ளை கிடைக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று றோசமேரி விசாவுக்குப் போட்டாள். ஒக்டோபரில் இல்லை என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவளுடைய சத்தம் குறைந்துபோனது. எனக்குக் கதை குறைவு. வீட்டில் கதை என்பது அவளுடையது. அவளும் நிறுத்தியபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற அந்நியர்களைப் போலச் சாப்பிட்டு எழுந்தோம்.

தை மூன்றாம் திகதி பெண்பிள்ளை பிறந்தது. றோசமேரியின் வாய் திரும்பித் திறந்தது. போக முடியாத வீட்டைக் கைபேசி வழியாகவே நடத்தத் தொடங்கினாள். எதை அரைக்க வேண்டும், எதைத் தின்னக் கூடாது, எந்தப் பக்கம் சரிந்து படுக்க வேண்டும். மெரினாவும் அதை விரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன். தெரியாத ஊரில், பகலிலும் விளக்குப் போட்ட ஓர் அறையில், பச்சை உடம்போடு கிடக்கிறவளுக்கு அம்மாவின் குரல் பெரிய விஷயம்.

எங்கள் ஆட்களிடம் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் காற்றுப் படக்கூடாது. காதுக்குப் பஞ்சு, தலைக்குத் துணி, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, கட்டிலுக்குக் கீழே சட்டியில் தணல். அந்தச் சூடு இடுப்பில் ஏற வேண்டும். மெரினா பிறந்தபோது றோசமேரியும் இப்படித்தான் கிடந்தாள். அப்போது எங்கள் வீடு தென்னோலைக் கிடுகால் அடைத்தது. எதைச் சாத்தினாலும் கிடுகுக்குள்ளால் காற்று வரும். தணலின் சாம்பல் கட்டிலுக்கடியில் பறந்து திரியும். றோசமேரியின் அம்மா அந்த இடைவெளிகளில் சாக்குத் துண்டுகளைச் செருகிக்கொண்டே இருந்தாள். அப்படியும் காற்று நிற்கவில்லை.

அந்த வழக்கம் அப்படிப்பட்ட வீடுகளுக்குள் உண்டானது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். யோசித்து என்ன.

மார்கழியில் சிலாபத்து ஆள் ஒருவர் மெரினா இருக்கும் ஊருக்குத் திரும்பிப் போகிறார் என்று தெரிந்து, றோசமேரி பொதி கட்டினாள். சரக்குத்தூள், உள்ளி, சாம்பிராணி, நெத்தலிக் கருவாடு. கடைசியில் சிரட்டைக்கரி. வளவில் கிடங்கு வெட்டி, சிரட்டை எரித்து, மணல் போட்டு மூடி, அடுத்த நாள் கிண்டி எடுத்துத் தகரத்தில் போட்டாள். பக்கத்து வெங்காயத் தோட்டத்து ஹுனைஸ் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா மாமி, இத்தாலிக்குக் கரி ஏத்துமதியா? அங்கிட்டு கரன்ட் இல்லியா?"

"கரன்ட் சூடு எலும்புக்குப் போகாதுடா."

"அப்ப கஸ்டம்ஸ்காரன் தகரத்தத் தொறந்து பாத்தா என்னா சொல்லுவான்? வெடிமருந்துண்டு புடிச்சி வெச்சாண்டா?"

"உன்னத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவன். ரெடியா இரு."

அவள் சிரித்தாள். ஒக்டோபருக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. தகரம் பால்மாத் தகரம். மூடியைச் சுற்றி மூன்று தரம் டேப் ஒட்டினாள்.

தணல் வைப்பதைப் பற்றிய கதை, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பகலில்தான் நடந்தது. கிளைட்டன் ஜன்னலை விட்டு உள்ளே வந்து கைபேசியை மெரினாவிடம் கொடுத்தான். போர்வைக்கு மேல் போர்வை. மூக்கு மட்டும் சிவந்து, மற்றதெல்லாம் வெளிறி இருந்தது. அந்தக் கட்டிடத்தில் சூடு நேரத்துக்குத்தான் வருமாம். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம்.

"நடுங்குதம்மா. உள்ளுக்குள்ள இருந்து நடுங்குது. பாலும் வருகுதில்ல."

"தணல் வைக்காம எப்பிடி வரும்? பத்து நாளாச்சி. தகரத்த இன்னும் திறக்கல தானே?"

"மாமி, இஞ்ச வீட்டுக்குள்ள புகை வந்தா மேல மணி அடிக்கும்," என்றான் கிளைட்டன். "நெருப்பணைக்கிறவன் வந்துருவான்."

"விறகா வைக்கச் சொன்னன்? சிரட்டைக்கரி தம்பி. நல்லா எரிஞ்ச கரி. புகையே வராது. உங்கட மணி தூங்கிட்டுத்தான் இருக்கும். கதவ, ஜன்னல இறுக்கிச் சாத்து. கதவுக்குக் கீழ துவாய வை. கொஞ்சம் காத்து வந்தாலும் பிரயோசனமில்ல."

மணி அடிக்கவில்லை. அடுத்த நாள் மெரினா கூப்பிட்டபோது முதலில் அதைத்தான் சொன்னாள், வெற்றி பெற்ற மாதிரி. கட்டிலுக்குக் கீழே அலுமினியச் சட்டியில் தணல். சூடு முதுகுக்கு ஏறுகிறதாம். கனநாளைக்குப் பிறகு நடுக்கம் நின்றதாம்.

"தலைதான் கொஞ்சம் இடிக்குது."

"குளிர் வெளிய போகுது மகள். போகேக்க இடிக்கும்."

றோசமேரி சொன்ன அந்த நொடியில் எனக்கு றொபியின் ஞாபகம் வந்தது.

மெரினாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நான் பலநாள் படகில் போனேன். நாங்கள் ஐந்து பேர். றொபி சிலாபப் பக்கத்துப் பையன், கல்யாணம் ஆகாதவன், சமையலும் அவன்தான். பதினாறாம் நாள் மழை பிடித்தது. கடலில் மழை குளிரும். நனைந்தவன் நடுங்கிக்கொண்டு, சோறு ஆக்கின தணலை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் படுக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மற்றவர்கள் வலையில் நின்றோம். விடிய நான் போய்க் கதவைத் திறந்தேன். புகை இல்லை. மணம் இல்லை. உள்ளே இதமான சூடு மட்டும் இருந்தது. றொபி சுருண்டு கிடந்தான். முகம் சிவந்து, இப்போதுதான் குளித்துவிட்டுப் படுத்தவன் மாதிரி. நான் அவனைத் திட்டி எழுப்பினேன். பிறகு தொட்டுப் பார்த்தேன்.

படகை நடத்துகிற எங்கள் தண்டயல் பழைய ஆள். தட்டைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "தணல் காத்தத் திண்டிரும்டா. சத்தம் போடாமத் திண்டிரும்," என்றார். கரைக்கு வந்தபோது நெஞ்சு வருத்தம் என்று சொன்னார். படகில் தணல் எடுத்துக்கொண்டு அறைக்குள் போக விட்டது அவருடைய பிழையாகிவிடும் அல்லவா. றொபியின் தாய் என்னைப் பார்த்து, "நெஞ்சா தம்பி?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். செத்த வீட்டுக்கு றோசமேரியும் வந்திருந்தாள். அவளுக்கும் நெஞ்சு வருத்தம்தான் தெரியும்.

ஆகவே அந்தப் பகலில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் கடலில் ஒரு படகின் அறைக்கும், விளக்கும் குழாய்ச் சூடும் உள்ள ஒரு நாட்டின் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. எங்கள் ஊரில் எத்தனை பேர் தணலில் கிடந்து எழும்பினார்கள் என்றது அந்தக் குரல். றோசமேரி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து களப்படிக்குப் போனேன். வலையில் கிழிசல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் மெரினாவின் முகம் சிவந்திருந்தது.

"பாத்தீங்களா, நிறம் வந்திட்டுது," என்று றோசமேரி என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "பத்து நாளாக் கடதாசி மாதிரிக் கிடந்தவள்."

நான் கதிரையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனேன்.

"கனநேரம் வைக்காதயுங்க மகள்," என்றேன். "ஜன்னலையும் கொஞ்சம்..."

"உங்களுக்கு இதில என்ன கதை?" என்றாள் றோசமேரி. "நீங்களா பிள்ள பெத்தனீங்க?"

மெரினா சிரித்தாள். "அப்பா பயப்பிடுறார் அம்மா. வீடு பத்திரும் எண்டு."

கிளைட்டனும் எங்கேயோ பின்னால் நின்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வசனம் பாதியில் நின்றது நின்றதுதான். அதை முடிப்பதற்கு எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது: றொபி. அந்தச் சொல்லை எடுத்தால் அவன் தாய்க்கு நான் தலையாட்டினதையும் எடுக்க வேண்டும். இதை இப்போது எழுதும்போது காரணம் போலத் தெரிகிறது. அப்போது அது காரணமாகக்கூட இல்லை. பழக்கம்.

மூன்றாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. இங்கே என்றால் காலையில் இளவெயிலில் பிடிப்போம், நாலு நாளில் போய்விடும். அங்கே இரண்டு கிழமையாக வெயில் என்ற ஒன்று இல்லை. இரத்தம் பார்க்கப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்களாம். கிளைட்டன் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸில் போயிருந்தான். மெரினா தனியே.

"நல்லதாப் போச்சு," என்றாள் றோசமேரி. "பிள்ள வாறதுக்குள்ள நீ தணல முடிச்சிரு. இண்டைக்குக் கூடக் கரி போடு. வெளிய எப்பிடி?"

"நேத்தையிலும் பாக்க மோசம். கீழ நிக்கிற மரமும் தெரியல. கண்ணாடியில உள்பக்கமும் பனி பிடிச்சிருக்கு."

"துவாய் வச்சியா?"

"வச்சன்."

சட்டியில் கரி விழும் சத்தம் கேட்டது. பிறகு கட்டிலின் சத்தம். திரையில் கூரைதான் தெரிந்தது. வெள்ளைக் கூரை, நடுவில் அந்தப் புகைமணி, சின்னப் பச்சை வெளிச்சம். றோசமேரி பத்தியக்கறி எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டு போனாள். மெரினாவின் 'ஓம்' ஒவ்வொன்றும் பிந்திப் பிந்தி வந்தது.

"நித்திரை வருதம்மா."

"படு மகள். சுகமான நித்திரை. படு."

றோசமேரி அழைப்பை வெட்டினாள். எங்கள் வீட்டு ஜன்னல் கொளுக்கியில் நிற்காமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து அதைக் கட்டினேன். அவ்வளவுதான் அன்று நான் செய்தது.

பனிப்புகாரில் பெருந்தெருவில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி, பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றதாம். கிளைட்டன் வீட்டுக்குத் திரும்பியபோது அங்கே பன்னிரண்டு மணி. அறைக்கதவு துவாயில் இறுகி உடனே திறக்கவில்லை. பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டுத் தோளால் தள்ளினானாம். அவன் எங்களுக்கு அழைத்தது இங்கே பொழுது பட்டபிறகு.

"மெரினாவுக்கு மயக்கம் மாமி. ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. உயிர் இருக்கு." அவ்வளவுதான் சொன்னான்.

றோசமேரி முழங்காலில் விழுந்தவள் விடியும்வரை எழும்பவில்லை. தலவில் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன்.

அடுத்த நாள் காலை நான் தோணியடியில் நிற்கும்போது என்னுடைய கைபேசிக்கு அழைப்பு வந்தது. கிளைட்டன் எனக்குத் தனியாக ஒருநாளும் எடுத்ததில்லை.

"மாமா, பக்கத்தில மாமி நிக்கிறாவா?"

"இல்ல. சொல்லு."

"தணல்தான் மாமா. இரத்தத்தில தணலில வாற நஞ்சு நிரம்பிட்டுதாம். வேற பட்டினத்துக்குக் கொண்டுபோய் ஒக்சிசன் அறைக்குள்ள வச்சிருக்காங்க. இந்தக் குளிருக்கு வருசா வருசம் இப்பிடி ஆக்கள் வருவாங்களாம், எங்கட மாதிரி வெளிநாட்டு ஆக்கள்." "மாமிட்ட நான் சொல்லல. சொன்னா தாங்கமாட்டா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"ஓம்," என்றேன்.

களப்பில் புகார் இன்னும் விலகவில்லை. யாரோ படகில் தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆளைக் காணவில்லை. அந்த 'ஓம்' எவ்வளவு இலேசாக வந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மெரினா மூன்றாம் நாள் கண் திறந்தாள். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இந்தப் பதினெட்டு நாளும் நான் றோசமேரியிடம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் அவளே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டாள். கிளைட்டன் பிள்ளையைக் கொண்டு வெளியே போகும்போது கதவைத் திறந்து போட்டிருக்கிறான், பனிக்காற்று புகுந்து மகளின் தலைக்குள் இறங்கிவிட்டது. முதலில் எனக்குச் சொன்னாள். பிறகு பூசை முடிந்து நின்ற பெண்களுக்குச் சொன்னாள். ஹுனைஸின் மனைவி ஸஃப்னா பார்க்க வந்தபோது அவளுக்கும்.

"பச்ச உடம்புக்காரிய தனிய உட்டுட்டுப் போற மனிசனா?" என்றாள் ஸஃப்னா. "எங்கட ஆளாயிருந்தா நான் உடுவனா?"

"அதத்தான் நானும் கேக்கிறன்," என்றாள் றோசமேரி.

ஸஃப்னா என்னையும் ஒரு பார்வை பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. தேத்தண்ணி ஆறிவிட்டது, சூடாக்கித் தரவா என்று கேட்டேன்.

கிளைட்டன் எடுக்கும் அழைப்புகளுக்கு றோசமேரி அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினாள். மகளிடம் கொடு, என்பாள். அவன் கொடுப்பான். அவன் மெலிந்துபோயிருந்தான். வேலைக்குப் போகாமல் பிள்ளையையும் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாளும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் சொல்லவில்லை.

மெரினா வீட்டுக்கு வந்த மறுநாள் பகல். அங்கே காற்று வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் முதன்முறையாக மலை தெரிந்தது, தலையில் வெள்ளையோடு. மெரினா கதிரையில் இருந்தாள். மடியில் பிள்ளை.

"அம்மா, எப்ப வாறீங்க?"

"விசா தரல தானே மகள்."

"ஓம் என்ன." பிள்ளையைப் பார்த்தாள். "இவக்கு என்ன பேர் வச்சம்?"

பின்னாலிருந்து கிளைட்டன் மெதுவாகச் சொன்னான், "தர்சனா."

"தர்சனா," என்று மெரினா சொன்னாள். பிறகு அவள் நிமிர்ந்து, அதே முகத்தோடு, "அம்மா, எப்ப வாறீங்க?" என்றாள்.

றோசமேரி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"தம்பி, கிட்ட வா. நான் சொல்றதக் கேள். பிள்ளையையும் தாயையும் இஞ்ச அனுப்பு. நீ பாத்து முடிஞ்சுது. உன்ர கையில விட்டு எனக்கு ஆளே மாறிப்போச்சு. வாற வரைக்கும் தணல விடாத. நாப்பது நாள் முடியல. கரி முடிஞ்சா அங்க கடையில வாங்கு. மகள், நீ அம்மாட்ட வாறதானே?"

"ஓம் அம்மா. வாறன்," என்றாள் மெரினா.

"பிள்ளையையும் கொண்டு வந்திரு. பிறகு அந்தப் பக்கம் போகத் தேவையில்ல."

"ஓம் அம்மா."

கிளைட்டன் றோசமேரியைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில், அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து கைபேசியை எடுத்தேன்.

"பிறகு எடுக்கிறம் மகன்," என்று சொல்லி வெட்டினேன்.

"என்ன செய்றீங்க?" என்றாள்.

"அவன் கதவத் திறந்து விட்டுட்டுப் போகல. சாத்திட்டுத்தான் போனவன். நாங்க சொன்ன மாதிரி."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். தணல் என்று சொன்னேன். டொக்டர்மார் சொன்னதை, கிளைட்டன் பதினெட்டு நாளைக்கு முன் எனக்குச் சொன்னதை, அவன் ஏன் அவளுக்குச் சொல்லவில்லை என்பதை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவள் பழியைத் தன் மேல் மட்டும் போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் இருபது வருடம் நான் அந்தக் கதிரையில் இருந்திருப்பேன். ஆகவே றொபியையும் சொன்னேன். நெஞ்சு வருத்தம் இல்லை என்றேன். முகம் எப்படிச் சிவந்திருந்தது என்று சொன்னேன்.

சொல்லி முடிக்கக் கனநேரம் எடுத்தது. எனக்குக் கதைத்துப் பழக்கமில்லை.

"முதல் நாள் தலை இடிக்குது எண்டாள்," என்றாள் கடைசியில். "அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"இரண்டாம் நாள் நிறம் வந்திட்டுது எண்டு நான் சொல்லேக்க?"

"தெரியும்."

"மூண்டாம் நாள் படு மகள் எண்டு சொன்னன். நீங்க பின்னாலதானே இருந்தனீங்க."

"ஓம்."

"ஏன் சொல்லல?"

நான் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"நீ சிரிச்சுக்கொண்டிருந்தாய்," என்றேன்.

அவள் என்னை அறியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்தாள், ஏதோ தின்று முடித்தவள் மாதிரி.

"நான் தெரியாமச் செஞ்சன்," என்றாள். மற்றப் பாதியை அவள் சொல்லவில்லை.

கைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள். "கிளைட்டன், மாமி கதைக்கிறன்," என்பது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தது. அவள் கதைக்கிறாளா, அழுகிறாளா, அல்லது இரண்டு பேருமே கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தாள். சோறு போட்டாள். எனக்கும் போட்டாள். எதிரே இருந்து தின்றாள்.

மறுநாள் பகல் ஒன்றரைக்கு அழைப்பு வந்தது. றோசமேரி அடுப்படியில் நின்றாள். கைபேசியை எடுத்து, திரையைப் பார்க்காமல், என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கதைங்க."

"நானா? என்னத்த..."

"கதைங்க," என்றாள். "இனி நீங்கதான் கதைக்கோணும்."

அவள் கொல்லைக் கதவால் வெளியே போனாள். திரையில் மெரினா வந்தாள். தலைக்குத் துணி இல்லை. பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை அசைந்தது.

"அப்பா, அம்மா எங்க?"

"வெளிய போயிட்டா மகள்."

அவள் காத்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. பாணும் முட்டையும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு வேறொன்றும் வரவில்லை. "சாப்பிட்டியா மகள்?" என்று மறுபடியும் கேட்டேன்.

"ஓம் அப்பா," என்றாள், முதல்முறை பதில் சொல்கிறவளைப் போல. "பாணும் முட்டையும்."